வேலிக்கு அந்தப் பக்கத்து வால்டர்

வெள்ளிக்கிழமைகளில் வீட்டு எசமானி சிஞ்ஞோரா எமிலியானாவின் கால் நகங்களை வெட்டிவிடுவது செலஸ்ரீனாவின் வேலை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, மடியில் துவாய் விரித்து, முதலில் வலக்கால், பிறகு இடக்கால். எண்பத்தொன்பது வயதுக் காலின் நகம் இலேசில் மசியாது. அது இளகும்வரை கிழவி தன் அப்பாவின் கதையைச் சொல்வாள்.

எமிலியானா கைக்குழந்தையாக இருந்தபோது அமெரிக்காவுக்குப் போனவர் கயெத்தானோ. கொலராடோவில் தம்பியோடு சேர்ந்து மாட்டுப் பண்ணை போட்டார். ஓடைத் தண்ணீருக்கு ஆசைப்பட்ட பக்கத்துப் பண்ணைக்காரன் முள்கம்பி வேலியை நகர்த்திப் போட, நியாயம் கேட்கப் போனார். கையில் ஒரு தடிகூட இல்லாத மனிதரைச் சுட்டுப் போட்டார்கள். முகமே நினைவில்லாத அந்த அப்பாவைக் கிழவி ஒரு பிள்ளையைப் போல வளர்த்து வைத்திருந்தாள்.

பேசாலையில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்து, தொண்ணூறில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தவள் செலஸ்ரீனா. ஒரேத்தோ தெருவின் இந்த வீட்டைத் தவிர வேறு வீட்டில் வேலை பார்த்ததில்லை. கதை அவளுக்கு மனப்பாடம். தொண்ணூற்றாறு ஒக்டோபரில் அவளுடைய ஆங்கிலந்தான் வில்லங்கத்தைக் கொண்டுவந்தது.

கொலராடோவிலிருந்து கயெத்தானோவுடைய தம்பியின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு இத்தாலியன் தெரியாது. செலஸ்ரீனா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள், பாதிவரைக்கும். வேலியை நகர்த்தியது கயெத்தானோதானாம். அதைத் திருப்பி நட வெறுங்கையோடு வந்த பக்கத்துப் பண்ணை வால்டரைச் சுட்டதும் அவர்தானாம். வால்டரின் ஆட்கள் அதற்குப் பிறகுதான் தேடிவந்து அவரைக் கொன்றார்களாம். என்ன சொல்கிறாள் என்று கிழவி கேட்டாள். உங்கள் அப்பாவை அங்கேயும் நினைக்கிறார்களாம் என்று செலஸ்ரீனா சொல்லி வைத்தாள்.

உணவகத்தில் தட்டுக் கழுவும் அவள் கணவன் ஸ்ரனிஸ்லாஸ் இதைக் கேட்டுச் சிரித்தான். "நீர் என்ன, பாவசங்கீர்த்தனம் கேக்கிற சுவாமியோ? மனிசி தகப்பனோட நிம்மதியாச் சாகட்டும், விடும்."

விட்டுத்தான் இருந்தாள். ஆனால் மரித்தோர் நாள் வந்தது. பூசையில் வாசிக்க வேண்டிய பெயர்களைப் பாதிரியாரிடம் போய்ச் சொல்வது வருடா வருடம் அவள்தான். ஊரில், கரைவலை இழுக்கும் இடம் யாருக்கு என்ற பாட்டுச் சண்டையில் செலஸ்ரீனாவின் மாமா வெட்டுப்பட்டு இறந்தார். வெட்டினவனும் பிறகு மறியலில், சிறைக்குள்ளேயே செத்துப்போனான். அவள் அம்மா இரண்டு பெயரையும் ஒரே பூசையில்தான் கொடுப்பாள். ஒன்றைவிட்டு ஒன்றைச் சொன்னால் செபம் நொண்டும் என்பது அம்மாவின் எண்ணம். மகளுக்கும் வாய் அப்படியே பழகியிருந்தது. கயெத்தானோ என்று சொன்னவள், வால்டர் என்றும் சொல்லிவிட்டாள். சிஞ்ஞோராவுக்குக் கோவிலில் ஒன்றும் கேட்காது என்ற தைரியம். புதிய காதுக் கருவியை அன்று காலை தன் கையாலேயே மாட்டிவிட்டது அவளுக்கு நினைவில்லை.

அடுத்த வெள்ளி. வலக்கால் முடியும்வரை கிழவி கதை எதுவும் சொல்லவில்லை.

"ஆர் அந்த வால்டர்? அப்பாவின்ர பேருக்குப் பின்னால வாசிச்சவை."

ஒரு பொய் வாய்வரை வந்தது. ஈரமான அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"வேலிக்கு அந்தப் பக்கத்து ஆள், சிஞ்ஞோரா. அவர்தானாம் வெறுங்கையோட வந்தவர்."

"அப்பாவோ சுட்டவர்?"

"ஓம்."

தெருவில் பஸ் ஒன்று நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. கிழவி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குப் பிள்ளையள் இருந்ததோ?"

"ஒரு பொம்பிளைப்பிள்ளை. உங்கட வயசுதான் இருக்கும்."

சிஞ்ஞோரா கையை நீட்டி அவள் தலையில் வைத்தாள். தடவத்தான் வைத்தாளோ, ஊன்றி எழும்பத்தான் வைத்தாளோ, அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எழுந்து, செருப்பைத் தேடாமல், சுவரைப் பிடித்தபடி நடந்தாள்.

"இடக்கால் இன்னும் கிடக்கு, சிஞ்ஞோரா. தண்ணி ஆறமுதல் வெட்டிவிடட்டோ?"

சிஞ்ஞோரா திரும்பிப் பார்க்காமல் அறையைவிட்டு வெளியே போனாள்.