மான்செஸ்டரில் தங்கி அக்காவுடன் ஐந்து நாள்: பார்த்த ஊர்களும் பார்க்காத ஏரியும்

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் பலர் வடக்கே போவதென்றால் கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோதான் போகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கடந்த செப்டம்பர் கடைசியில்தான் மான்செஸ்டரில் ஐந்து இரவு தங்கி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊருக்குப் போய்வருவதென்று திட்டம் போட்டேன். அந்த ஊரிலிருந்து எல்லாத் திசைக்கும் ரயில் இருக்கிறது. காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இது உங்களுக்கான காரணம். என்னுடைய காரணம் வேறு.

பாரிசில் இருக்கும் வசந்தி அக்கா ஓகஸ்டில் தொலைபேசி எடுத்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஒரு பள்ளிக்கூடத்தின் கன்ரீனில் சமைக்கிறார். அவர் கணவர், எங்கள் அத்தான், இறந்து ஆறு வருடம். மகன் லியோனில் வேலை செய்கிறான். “சுதா, உன்னட்ட ஒரு விசயம் கதைக்கோணும். போனில சொல்ல ஏலாது. நேரில வாறன்” என்றார். நான் தெற்கு லண்டனில் டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். போனில் சொல்ல முடியாத விசயம் என்றால் என்னவென்று அங்கே தினமும் பார்க்கிறேன். அன்று மத்தியானம் கடையின் பின்னறையில் நின்று அழுதேன். பிறகு நோர்பரி வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து ரயில் நேரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். வீட்டில் இருந்தால் அக்கா குசினி மேசையில் உட்கார்ந்து சொல்லிவிடுவார். ஓடிக்கொண்டே இருந்தால் சொல்ல நேரம் கிடைக்காது. என் திட்டம் முழுவதும் அவ்வளவுதான்.

முதல் நாள் பாரிசிலிருந்து வந்த அக்காவோடு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறினேன். லண்டன் யூஸ்டனிலிருந்து மான்செஸ்டர் பிக்காடிலிக்கு இரண்டு மணி பதினைந்து நிமிடம். ஆறு கிழமை முன்பே எடுத்ததால் ஆளுக்கு 31 பவுண்டு. இருவர் சேர்ந்து பயணிப்பவர்களுக்கான ரயில் கார்டை 35 பவுண்டுக்கு வாங்கியிருந்தேன். ஒரு வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். இரண்டு பேரின் பெயரும் படமும் அதில் இருக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் செல்லும். ஸ்டேஷனிலிருந்து நடந்து ஆறு நிமிடத்தில் ஹோட்டல். இரண்டு கட்டில் உள்ள அறை, காலைச் சாப்பாட்டோடு இரவுக்கு 84 பவுண்டு.

திங்கள் யோர்க். ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய நகர மதிலின் மேல் இலவசமாக நடக்கலாம். முழுவதும் சுற்ற இரண்டு மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். நாங்கள் ஒரு மணி பத்து நிமிடத்தில் முடித்தோம். பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன். பெரிய தேவாலயம் கண்ணுக்கு நேரே தெரியும் வளைவில் அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சுதா, இதில கொஞ்சம் இருப்பமே?”

“அக்கா, ரயில் நூதனசாலை அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்கள். வாங்கோ.”

நூதனசாலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பழைய நீராவி எஞ்சின்களுக்கு நடுவே அக்கா கால் வலியோடு பின்னால் வர, நான் முன்னால் போய்க்கொண்டே இருந்தேன். எந்த எஞ்சின் என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

செவ்வாய் லிவர்பூல், ஐம்பது நிமிடம். ஆற்றில் சுற்றிக் காட்டும் படகு ஐம்பது நிமிடம் ஓடும். படகில் ஓட இடமில்லை என்பதை டிக்கெட் எடுத்த பிறகுதான் யோசித்தேன். நல்லகாலம், காற்று பலமாக இருந்தது, ஒலிபெருக்கியில் ஊரின் கதை இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் நான் படம் எடுக்க எழுந்துவிட்டேன். கரைக்கு வந்ததும் அவர் கைப்பையிலிருந்து ஒரு குளிசையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். பெட்டியில் இருந்த பெயரை வாசிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மருந்துப் பெயர் வாசிப்பதுதான் என் தொழில்.

புதன் ஈடேல் என்ற மலைக்கிராமம். உங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். பிக்காடிலியிலிருந்து முக்கால் மணி நேரம். நகரம் முடிந்து ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் இரண்டு பக்கமும் மலை, கல்லடுக்கு வேலிகள், ஆடுகள். ஸ்டேஷனில் வேலையாட்கள் இல்லை, மழைக்கு ஒதுங்க ஒரு சின்னக் கொட்டில் மட்டும். அங்கிருந்து மலைமுதுகுக்கு ஏற ஒரு மணி நேரம் ஆகும். நல்ல சப்பாத்து வேண்டும். அக்கா பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் தனியாக மேலே போய்ப் பார்த்துவிட்டு, காற்றில் இரண்டு நிமிடம்கூட நிற்காமல் இறங்கினேன். இறங்கும்போது குறுக்குவழி என்று நினைத்து வேறு பாதையில் அவரைக் கூட்டிப்போனேன். அது ஒரு பண்ணையின் படலையில் முடிந்தது. திரும்பி ஸ்டேஷனுக்கு வந்தபோது எங்கள் ரயில் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அன்று மணிக்கு ஒரு ரயில்தான். பிழை முழுக்க என்னுடையது.

பிளாட்போமில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. அக்கா கொட்டிலுக்குள் உட்கார்ந்து பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

“இப்ப எங்கயும் ஓட ஏலாது. இரு.”

இருந்தேன். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்கோ அக்கா. டொக்டர் என்ன சொன்னவர்?”

“எந்த டொக்டர்?”

“எனக்கு ஒளிக்காதேங்கோ. நேற்றுக் குளிசை போட்டனீங்கள்.”

“அது பிரஷர் குளிசையடி! எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.” தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார். “நான் கலியாணம் கட்டப் போறன்.”

அவர் பெயர் செல்வராசு என்றார். காரைக்கால் ஆள். மனைவியை இழந்தவர். கன்ரீனுக்கு மரக்கறி கொண்டுவருபவர். மாசி மாதம் நகரசபையில் பதிவு. நான் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

இந்த இடத்தில் நான் அவரைக் கட்டிப்பிடித்தேன் என்று எழுத ஆசை. நடந்தது அதுவல்ல. ஆறு கிழமைக்கு மேலாக நெஞ்சில் சுமந்த பயம் இறங்கியதும், அந்த இடத்துக்கு உடனே கோபம் வந்து உட்கார்ந்தது.

“இந்த வயசிலயோ? சனம் என்ன சொல்லும் எண்டு யோசிச்சனீங்களோ? மகனுக்குத் தெரியுமோ?”

“அவன்தான் முதல் ஓம் எண்டவன்.” அக்காவின் குரல் உயரவில்லை. “ஆறு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் ஆரோடயும் கதைக்காமல் கிடக்கிறன். அந்தச் சனம் ஒரு நாள் போன் எடுத்ததோ? நீ எடுத்தனீயோ?”

எடுக்கவில்லை. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் எடுத்திருக்கிறேன். எழுந்து பிளாட்போமின் அந்த முனைவரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். ரயில் வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

வியாழன் விண்டர்மியர் ஏரிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். “நீ போ. நான் வரேல்ல” என்று அக்கா கட்டிலிலிருந்தே சொன்னார். நான் போனேன். அறையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

வழியில் டிக்கெட் பரிசோதிக்க ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தார். கார்டில் இருந்த இரண்டு படங்களையும் பார்த்தார். “மற்றவர் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஹோட்டலில் இருக்கிறார்.”

“அப்படியென்றால் இந்தச் சலுகை செல்லாது. இரண்டு பேரும் ஒன்றாகப் போனால்தான்.” பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “உங்கள் சகோதரியா? மூக்கு ஒரே மாதிரி இருக்கிறது” என்றார்.

அக்கா சாகப்போகிறார் என்று நினைத்தபோது கடையின் பின்னறையில் நின்று அழுதேன். வாழப்போகிறேன் என்று அவர் சொன்னபோது சனம் என்ன சொல்லும் என்று கேட்டேன். இரண்டும் செய்தது ஒரே ஆளா என்று எனக்கே விளங்கவில்லை. வழியில் வரும் பிரெஸ்டன் வரைக்குமான முழுக் கட்டணத்தைக் கொடுத்து அங்கேயே இறங்கினேன். எதிர்ப் பக்கம் போய் அடுத்த ரயிலில் திரும்பினேன். ஆகவே விண்டர்மியர் ஏரியைப் பற்றி இங்கே ஒன்றும் எழுத முடியாது. நான் அதைப் பார்க்கவில்லை.

அறையில் அக்கா இல்லை. கீழே சாப்பாட்டு மண்டபத்தில், காலி மேசைகளுக்கு நடுவே, போனைச் சீனிக் கிண்ணத்தில் சாய்த்து வைத்து வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். அத்தான் போன பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“என்னடி, ஏரி முடிஞ்சுதோ?”

“நான் போகேல்ல. அக்கா, நான் நேற்றுக் கேட்டது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் செத்துப்போகப் போறீங்கள் எண்டு நினைச்சு ஓடித் திரிஞ்சனான்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என் பக்கம் திருப்பினார். நரைத்த மீசை, மூக்குக்கண்ணாடி.

“வணக்கங்க. ஊரெல்லாம் நல்லா சுத்திப் பாத்தீங்களா?” என்றார் செல்வராசு.

“ஓம். கொஞ்சம் அவசரமாப் பார்த்திட்டம்.”

“ஆமாங்க, சொன்னாங்க. கால் வலிக்குதுன்னு சொன்னாங்க.”

மூன்று பேரும் சிரித்தோம். நான் கையெழுத்து வைக்க வருகிறேன் என்று அவரிடமே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை திட்டத்தில் செஸ்டர் இருந்தது. அக்கா வேண்டாம் என்றார். பஸ்ஸில் இரண்டு பவுண்டு கொடுத்து, மான்செஸ்டருக்குள்ளேயே இருக்கும் ரஷோம் கடைத்தெருவுக்குப் போனோம். இருபது நிமிடம். வரிசையாகச் சாப்பாட்டுக்கடைகள், இடையில் நகைக்கடையும் துணிக்கடையும். “டூட்டிங்கில கலியாணச் சீலை எடுத்தால் பில் போட முதல் நோர்பரிக்குக் கதை போயிடும்” என்றார் அக்கா. ஒரே கடையில் இரண்டேகால் மணி நேரம் இருந்தோம். கடைக்காரர் இரண்டு முறை தேத்தண்ணி தந்தார். அக்கா கடைசியில் பழுத்த மாம்பழ நிறத்தில் ஒன்றை எடுத்தார். ஐந்து நாளில் நான் முழுதாகப் பார்த்த ஒரே இடம் அந்தக் கடைதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மான்செஸ்டரில் பிக்காடிலி ஸ்டேஷனுக்குக் கிட்ட ஹோட்டல் எடுங்கள், காலையில் அரை மணி நேரம் மிச்சம். ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். யோர்க்குக்கு முழு நாள் கொடுங்கள், மதிலில் உட்காருங்கள். ஈடேலில் திரும்பும் ரயில் நேரத்தை ஏறும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் பல இடங்களில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. கட்டணங்கள் நான் கொடுத்தவை, உங்களுக்கு மாறலாம். யாரோடு போகிறீர்களோ அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், முதல் நாளே சொல்லவிடுங்கள்.

வெள்ளி இரவே லண்டன் திரும்பி, சனிக்கிழமை அக்காவைப் பாரிஸ் ரயிலேற்ற செயின்ட் பாங்ரஸ் போனேன். ஒரு மணி நேரம் முன்பே போகச் சொல்கிறார்கள். அதற்கு மேல் இன்னும் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது, “அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?” என்று கேட்டேன். அக்கா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக முன்னால் போனார்கள்.