பூட்டுக்காரருக்குக் கிடைத்த செலவுத்தொகை

பூட்டுக்காரரின் கடையில் ஏழு வருஷம் பட்டப்பகலில் பல்பு எரிந்தது. பக்கத்து மெத்தைக்கடைக்காரன் பொதுச்சந்தில் சுவரை எழுப்பி, அவருடைய ஒற்றை ஜன்னலை அடைத்துவிட்டான். கேட்கப் போனால், "உன்னால முடிஞ்சதைப் பாத்துக்க" என்றான். என்ன திமிர் பாருங்கள். இவரும் பார்த்துக்கொண்டார், வழக்குப் போட்டார். வக்கீலுக்குக் கொடுக்க மனைவியின் நான்கு வளையல்களும் போயின. "கவலப்படாத, இதையும் சேத்து அவன்கிட்டயே கறந்துடுறேன்" என்று அவளிடம் சொல்லிவைத்தார். அந்தச் சொல்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

ஜெயித்தார். சுவர் இடிந்தது. செலவுத்தொகையும் உண்டு என்று தீர்ப்பில் இருந்ததால், பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்த ரசீதுகளை வக்கீலின் மேசையில் கொட்டினார். வக்கீல் நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை இவர் பக்கமே தள்ளினார்.

"கோர்ட்டுக் கட்டணம், சாட்சிப் படி, இதெல்லாம் வரும். வக்கீல் ஃபீஸ் அட்டவணையில இருக்கிற அளவுதான். நீங்க எனக்கு எவ்வளவு குடுத்தீங்கங்கறத கோர்ட் பாக்காது."

"தோத்தவன் அவன்தானே சார்?"

"முழுசையும் தோத்தவன் தலையில கட்டினா, நியாயம் உள்ளவன்கூட வழக்குப் போடப் பயப்படுவான். அதான் அளவு வச்சிருக்காங்க."

அந்த அளவில் ஒரு வளையலின் கால்வாசிகூடத் தேறாது. அதையும் மெத்தைக்கடைக்காரன் கட்டவில்லை. "பிச்சைக்காசு. வந்து கைநீட்டி வாங்கிக்கச் சொல்லு" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தான். தவளை தன் வாயால் கெடும். வயிறெரிந்த பூட்டுக்காரர் அந்தச் சில்லறைக்காக மறுபடி கோர்ட்டுக்குப் போனார்.

சில மாதம் கழித்து, ஒரு காலையில் கோர்ட்டு அமீனா ஜப்தி உத்தரவோடு வந்தார். தெருமுனையிலேயே அவரைப் பார்த்துவிட்ட மெத்தைக்கடைக்காரன் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, "சாவி தொலைஞ்சுபோச்சுங்க" என்று கையை விரித்தான்.

"திறக்கவும் உத்தரவு இருக்கு. பக்கத்துல பூட்டுக்காரர் யாராவது இருக்காங்களா?" என்றார் அமீனா.

தெருவே திரும்பிப் பார்த்தது. பூட்டுக்காரர் கம்பிகளோடு நிதானமாக வந்து உட்கார்ந்தார். அவரே விற்ற பூட்டு. அரை நிமிஷ வேலை. பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். வேடிக்கை பார்க்க ஆள் சேரட்டுமே.

ஷட்டர் ஏறி, அமீனா தையல் மெஷினில் கைவைத்ததும் மெத்தைக்கடைக்காரன் ஓடிவந்து பணத்தை நீட்டினான். கை நடுங்கியது.

"இப்ப யாருப்பா கைய நீட்டுறது?" என்றார் பூட்டுக்காரர். கூட்டம் சிரித்தது. ஏழு வருஷ எரிச்சலுக்கு அது தேனாக இருந்தது.

கூட்டத்தில் மனைவியும் நின்றிருந்தாள். அவளிடம் போனதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "வளையல் வராதுடி. இதை வாங்கவே இதைவிட அதிகமாச் செலவாயிடுச்சு."

"தெரியும். அவன் கை நடுங்குச்சு, பாத்தீங்கல்ல? அது போதும் எனக்கு."

சொல்லும்போதே அவளுடைய வலது கை தன்னால் போய், இடது மணிக்கட்டில் இல்லாத வளையலை மேலே தள்ளிவிட்டது.

பூட்டுக்காரருக்குப் போதவில்லை.