கழுதையோடு நின்ற இருவர்

ஷப்தாய் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் கலிலேயாவில் உள்ள பழைய யூத ஜெப ஆலயத்தின், வண்ணக்கல்லால் படம் பதித்த தரையை அவரளவுக்குப் படித்த ஆள் கிடையாது. எந்தப் பேராசிரியர் வந்தாலும் பந்தயம் கட்டுவார். முப்பத்தொரு வருஷமாக அவர்தான் அங்கே காவலர், சாவி அவர் இடுப்பில். மனைவி போய்ச் சேர்ந்து, மகன் கனடாவிலேயே தங்கிவிட்ட பிறகு, அவர் பேச்செல்லாம் அந்தத் தரையோடுதான்.

தரையின் மூலையில் ஒரு கழுதை, பக்கத்தில் இரண்டு ஆட்கள். மீதிப் படம் பெயர்ந்து போய்விட்டது. ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர் தாலியா, அது வேதக் கதையில் தன்மேல் ஏறிவந்த பிலேயாமிடம் வாய்திறந்து பேசிய கழுதை என்று தீர்மானித்துவிட்டாள். மறுநாள் விளக்கப் பலகை எழுதக் கொடுக்கப் போகிறாள்.

"டாக்டரம்மா, பிலேயாம் கழுதைமேல ஏறிப் போனவன். இது சும்மா நிக்கிற கழுதை. ஆபிரகாம் மகனைப் பலி குடுக்கக் கூட்டிக்கிட்டு மலையேறினப்போ, இங்கயே நில்லுங்கடான்னு விட்டுட்டுப் போனாரே, அந்த வேலைக்காரங்க இவங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்கப்பா ஈராக்குல, சாக்கோவுல கழுதையோட்டி. சேணத்து வார் தளர்ந்து தொங்குது பாருங்க. நடக்கிற கழுதைக்கு எவனாவது வாரை அவுப்பானா?"

"எனக்கு அங்க ஒரு அழுக்குக் கோடுதான் தெரியுது, ஷப்தாய். எங்க பல்கலைக்கழகத்துல கழுதைப் படிப்பு இல்லையே!"

"இருந்திருந்தா நான்தான் முதல் ரேங்க்."

சொன்னாரே தவிர, சுருக்கென்றது. தண்ணீர் பட்டால் கல்லின் நிறம் எழும்பும். பழைய காவலர்கள் எல்லாரும் அப்படித்தான் படத்தைக் காட்டினார்கள். உப்புப் பூத்துக் கல் பெயர்கிறது என்று இப்போது தடை. ஒரு சொட்டு ஊற்றினாலும் சாவி போய்விடும். அவர் கையெழுத்துப் போட்ட உத்தரவு சுவரிலேயே தொங்குகிறது.

வாசலில் இருந்த தண்ணீர் வாளியை எடுத்துவந்து கழுதைமேல் சாய்த்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க!"

சாம்பல் கற்களுக்கு நடுவே சிவப்பு வார் எழுந்தது, அவிழ்ந்து தொங்கியபடி. தாலியா மண்டியிட்டுப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றாள். பிறகு மெல்ல, "தண்ணி ஊத்தினதையும் நான் எழுதித்தான் ஆகணும், ஷப்தாய்."

"எழுதுங்க. வாரைப் பத்தி முதல்ல எழுதுங்க."

பலகை வந்தது: 'ஆபிரகாமின் வேலைக்காரர்கள்'. அவர் பெயர் அதில் இல்லை. சாவி வேறொருவரிடம் போனது.

ஷப்தாய் இப்போதும் காலையில் வருகிறார். கம்பித் தடுப்புக்கு வெளியே நிற்கிறார். அந்த இருவரின் கண்களும் பெயர்ந்துபோன மலைப் பக்கமே இருக்கின்றன. ஆபிரகாம் இறங்கி வந்ததாக யூத வேதமான தோராவில் இருக்கிறது. மகன் அவரோடு வந்ததாக இல்லை.

"இன்னும் வரலியாடா?" என்று அவர்களைக் கேட்கிறார். பக்கத்தில் போக முடியாததால், கொஞ்சம் சத்தமாகவே கேட்க வேண்டியிருக்கிறது.