துன்னியா என்று கேட்ட கம்ப்யூட்டர்

என் அண்ணனுக்கு இப்போது குரல் கிடையாது. தொண்டையில் ஆபரேஷன் செய்து உயிரைக் கொடுத்தார்கள், குரலை எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைத்து அண்ணி ஒரு மெல்லிய துணியைக் கட்டிவிடுகிறார். காசிமேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவன் அவன். ஓடுகிற டீசல் இன்ஜினுக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. அவன் துறைமுகத்தில் நின்று டீ கேட்டால் வீட்டில் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள்.

இப்போது போனில் எழுதிக் காட்டுகிறான். எனக்கு அந்தப் போன் மீதுதான் கோபம். அண்ணன் 'துன்' என்று அடித்தால் போன் 'துன்பம்' என்கிறது. 'கீது' சொல்ல 'கீ' என்று தொடங்கினால் 'கீழே' என்கிறது. உள்ளே யாரோ ஒரு தமிழ் வாத்தியார் பிரம்போடு உட்கார்ந்திருக்கிறார் போல. கொஞ்ச நாள் அவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு அண்ணன் விட்டுவிட்டான். போன் எடுத்துக் கொடுக்கிற வார்த்தையையே தொட்டுத் தொட்டுப் பேச ஆரம்பித்தான். "நான் சாப்பிட்டுவிட்டேன். நீ கிளம்பு. மழை வருகிறது." பிறந்ததிலிருந்து என் அண்ணன் 'சாப்பிட்டுவிட்டேன்' என்று சொன்னதே இல்லை. துன்னுட்டேன் என்பான். அந்தத் திரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வரும்.

அவன் பேசிய பதிவு ஒன்றுகூட இல்லையா என்று கேட்பீர்கள். ஊருக்கே கேட்கிற குரலை யார் பதிவு செய்து வைப்பார்கள்? என் கல்யாண வீடியோவில் அவன் வாயசைக்கிற இடத்தில் மேளம்தான் கேட்கிறது. போனில் குரல் அனுப்பும் பழக்கமும் அவனுக்கு இல்லை. சொல்ல வேண்டியதை நேரில் வந்து, வாசலில் நின்று, அக்கம்பக்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறவன்.

அவன் பேச்சு மிச்சம் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்பது ஒருநாள் பஸ்ஸில் வரும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. அது ஒரு ஃபிளாப்பி.

எங்கள் தாய்மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, யாரோ வெளிநாட்டில் கழித்துப்போட்ட ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் இருக்கும். டிவியில் சொருகிக்கொள்ள வேண்டும். கூடவே ஷூ டப்பா அளவில் ஒரு ஃபிளாப்பி டிரைவ். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஃபிளாப்பி தெரியாது. உள்ளங்கையைவிடப் பெரிய சதுரக் கறுப்பு உறை, அதற்குள் அப்பளம் போல ஒரு பழுப்பு வட்டத் தகடு. உறையில் ஒரு நீள ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாகத்தான் டிரைவ் தகட்டைத் தொட்டுப் படிக்கும்.

மீன் விற்கிற வீட்டில் கம்ப்யூட்டர் வந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தான். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, கடைசியில் தானே ஒரு விளையாட்டு எழுதிவிட்டான். காசிமேட்டிலிருந்து போட் கிளம்பும், அலை வரும், தப்பித்து மீன் பிடிக்க வேண்டும். அந்த மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் அண்ணன் அவன் பேசுகிற பேச்சை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் போட்டுவைத்தான். ஆரம்பித்தால் "வா நைனா, போட்டு ரெடியா கீது" என்று வரும். மீன் கிடைத்தால் "வஞ்சிரம் மாட்டிக்கிச்சு மாமு". அலையில் கவிழ்ந்தால் "போட்டு பூட்ச்சி. ஒரே பேஜாரு".

யார் ஆடுகிறார்கள் என்று முதலில் கேட்கும். அம்மா என்று அடித்தால் அடுத்த வரி, "யம்மா, துன்னியா?" அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொல்வேன். அம்மா உடனே டிவியைப் பார்த்து, "துன்னுட்டேன் நைனா, நீ துன்னியா?" என்பாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பதில் டிவிக்குத்தான்.

எனக்கும் தனியாக ஒன்று வைத்திருப்பதாக அண்ணன் சொன்னான்.

"உனுக்கும் ஒண்ணு எய்திக்கீறேன். ஆனா நீ தோத்தாதான் வரும்."

"நான் இன்னாத்துக்குத் தோக்கணும்?" என்றேன்.

தோற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பல்லாங்குழியில் தோற்பதாகத் தெரிந்தால் பலகையையே கவிழ்த்துவிடுகிற ஜாதி நான். கம்ப்யூட்டரிலும் அதேதான். பெரிய அலை வருவது தெரிந்ததும் எட்டி சுவிட்சை அணைத்துவிடுவேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, "கய்தே, ஒரு தபா தோத்துத்தான் பாரேன்" என்று கத்துவான். நான் பார்க்கவே இல்லை. அந்த வருஷ மழையில் கரண்ட் கூடிக் குறைந்து கம்ப்யூட்டர் புகைந்துபோனது. பிறகு அண்ணன் இன்ஜின் வேலைக்குப் போனான், நான் காலேஜுக்குப் போனேன். அந்த வரி என்னவென்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறினேன். பிஸ்கட் டப்பாவில் ஃபிளாப்பிகள் அப்படியே இருந்தன. நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். அதனால் என்ன செய்ய வேண்டும் என்பது ஓரளவு தெரிந்திருந்தது. யானைக்கவுனியில் ஒரு பழைய சாமான் கடையில் ஃபிளாப்பி டிரைவ் ஒன்று கிடைத்தது. அதை லேப்டாப்போடு இணைக்கிற கைக்கடக்கமான சர்க்யூட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். தகட்டில் காந்தமாகப் பதிந்திருப்பதை அது அப்படியே படித்து லேப்டாப்பில் நகலாக வைத்துவிடும். அதன் பிறகு, அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கிற ஒரு மென்பொருளில் போட்டு ஆடலாம்.

பயம் ஒன்றுதான். இத்தனை வருஷம் கடல் காற்றில் கிடந்த தகடு. படிக்கிற முனை உரசினால் பழுப்புப் பூச்சு உதிர்ந்து வரலாம். உதிர்ந்தால் அதிலிருந்தது போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டு மேஜையில் கடை விரித்தேன். அண்ணி அண்ணனை அந்த அறையின் வாசற்படியைத் தாண்ட விடவில்லை.

"அந்தக் கலீஜ இவுரு கிட்ட கொண்டாராத. பூஞ்ச பறந்து உள்ள பூந்துக்கும். அப்பால ஆஸ்பத்திரிக்கு யாரு ஓடுறது?"

அண்ணன் அவர் கையை உதறிவிட்டு, கழுத்துத் துணியை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். போனில், "நான் பார்க்க வேண்டும்" என்று காட்டினான். அந்த வாத்தியார் தமிழில்தான்.

முதலில் மாமா கூடவே கொண்டுவந்த விளையாட்டு ஃபிளாப்பிகளைப் போட்டுப் பழகினேன். ஒன்று வந்தது, ஒன்று பாதிதான் வந்தது. பிறகு அண்ணனுடையதை அதன் காகிதப் பையிலிருந்து எடுத்தேன்.

அந்த நீள ஓட்டைக்குள், தகட்டின் மேலேயே, காய்ந்து கெட்டியான சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன.

ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்று தப்பிக்கிற சாமானே கிடையாது. தராசு, அரிவாள்மனை, அண்ணனின் ஸ்பேனர், டிவி என்று எல்லாவற்றுக்கும் அம்மா பொட்டு வைப்பாள். கம்ப்யூட்டர் செத்துப்போன பிறகும் பூஜைக்கு அதைத் துடைத்துப் பூ வைத்தாள். ஃபிளாப்பிக்கும் பொட்டு வைத்திருக்கிறாள். உறை முழுக்கக் கறுப்பாக இருக்க, அந்த ஒரு இடத்தில்தான் முகம் தெரிகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பொட்டு முகத்தில்தானே வைக்க முடியும்?

"உங்கம்மா வேல," என்றார் அண்ணி. அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சத்தம் வராது, தோள்தான் ஆடும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா இல்லாமல் போய் எத்தனையோ வருஷமாகிறது. அவள் விரல் பட்ட தடம் இப்படி ஒரு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று யார் நினைத்தது? அதைத் துடைத்தால்தான் அண்ணன் பேச்சு வரும். துடைக்க மனசே வரவில்லை. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

உறையின் ஓரத்தை வெட்டித் தகட்டை வெளியே எடுத்தோம். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரில் பஞ்சை நனைத்து, அண்ணன் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். சந்தனம் சமர்த்தாக வந்துவிட்டது. குங்குமம் மட்டும் மணல் மாதிரி ஒட்டிக்கொண்டு அடம் பிடித்தது. காய வைத்து, வேறொரு காலி ஃபிளாப்பியின் உறைக்குள் தகட்டை நுழைத்து, டிரைவில் போட்டேன்.

வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேஜை நடுங்கும். எங்கள் பக்கத்தில் லாரி போகாத நேரத்துக்குக் காத்திருந்தால் ஆயுசு போதாது. விசையைத் தட்டினேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக வந்தன. படித்துவிட்டால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. பச்சை, பச்சை, பச்சை. பொட்டு இருந்த இடம் வந்ததும் டிரைவ் கிரீச்சென்றது. அங்கே மட்டும் சிவப்பு.

நிறுத்தினேன். படிக்கிற முனையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் சிவப்பு. மேலும் உரசினால் இருக்கிறதும் போய்விடும்.

"போதும்ணே. வந்தவரைக்கும் வச்சுக்கலாம்," என்றேன். அலை வருமுன் சுவிட்சை அணைக்கிற பழைய கை, டிரைவின் பட்டன் பக்கம் போய்விட்டது.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். போனை எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டினான். ஒரு தபா.

தகட்டை மறுபடி வெளியே எடுத்து, ஈரப்பஞ்சை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே ஊற வைத்தேன். பஞ்சில் சிவப்பு இறங்கியது. காய்ந்ததும் போட்டேன். கிரீச் சத்தம் வரவில்லை. கடைசிச் சிவப்புக் கட்டம் பச்சையானது. நான் கத்தின கத்தலில் அண்ணி கரண்டியோடு ஓடிவந்தார்.

நகலை இன்னும் இரண்டு இடத்தில் சேர்த்து வைத்துவிட்டுத்தான் ஆட உட்கார்ந்தேன். நினைத்திருந்தால் புரோகிராமைப் பிரித்து அந்த வரியை ஒரு நிமிஷத்தில் படித்திருக்கலாம். ஆனால் நான் தோற்றால்தான் வரும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவன் சொன்னபடியே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் அம்மா என்று அடித்தேன். "யம்மா, துன்னியா?" என்று நான் படிக்க, அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு என் பெயரை அடித்தேன். போட் கிளம்பியது. வஞ்சிரம் மாட்டியது, மாமு என்றது. தூரத்தில் பெரிய அலை கிளம்பி வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அது அவ்வளவு சுலபமாக இல்லை. போட் கவிழ்ந்தது. திரை முழுக்கக் கறுப்பாகி, கீழேயிருந்து ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"அயுவாத கய்தே. இன்னொரு தபா ஆடு. நான் இங்கதான் குந்திகினு கீறேன்."

எனக்கு அதைச் சத்தமாகப் படிக்க முடியவில்லை. தோற்றால் நான் அழுவேன் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. சுவிட்சை நான் எதற்காக அணைத்தேன் என்பதும் தெரிந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஜன்னலோரத்தில் அதே இடத்தில் குனிந்து போனில் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். போன் எடுத்துக் கொடுக்கிற வார்த்தையைத் தொடவில்லை. அது மாற்றிவிட்டதை அழித்தான், மறுபடி அடித்தான், மறுபடி அழித்தான். ஒரு வார்த்தைக்கு அவ்வளவு நேரமானது. பிறகு போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அயுவாத."

ஆபீசில் ழகரத்தை நாக்கை மடித்து ஒழுங்காகச் சொல்கிறவள் நான்.

"நான் எங்கண்ணே அயுதேன்?" என்றேன்.