ஆபீசர் ஓட்டும் லாரி

வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்து மீசையை ஒரு தடவை, நெற்றியோர முடியை ஒரு தடவை சீவி, சீப்பை ஊதிச் சட்டைப்பைக்குள் செருகுகிறார். பின்னால் வரும் வண்டியைப் பார்க்கத்தான் அந்தக் கண்ணாடி என்று யாராவது இவருக்குச் சொல்ல வேண்டும். அப்புறம் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, கறுப்பு ஷூவைப் பழைய துணியால் பளபளவென்று தேய்க்கிறார். அடுத்த காலுக்கும் அதே மரியாதை. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் பெல்ட். கல்யாணத்துக்குப் போகிறவர் இல்லை ஐயா, பதினாறு டன் சிமென்ட் ஏற்றப் போகிறவர்.

எங்கள் லாரி ஷெட்டில் இவருக்கு ஆபீசர் என்றுதான் பெயர். ஒன்பது வருடமாக இங்கே டிரிப் ஷீட் எழுதுகிறேன். இவருடைய சொந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி இருக்கும்.

இஸ்திரி போடுவதும் இவரேதான். "பொண்டாட்டிய நம்பி உசுரக் குடுப்பேன்மா, சட்டையக் குடுக்க மாட்டேன். கை மடிப்புல ரெண்டு கோடு விழுந்துடும்" என்பார். முதுகுப் பக்கம் கசங்கிவிடுமாம், அதனால் சீட்டில் சாயவே மாட்டார். நாள் முழுக்க குச்சியை முழுங்கினவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவார். கேபினில் ஹேங்கரோடு இன்னும் இரண்டு சட்டைகள் ஆடிக்கொண்டிருக்கும். அவையும் வெள்ளைதான்.

ஒரு கிடங்கில் காவலாளி இவருக்கு சல்யூட் அடித்து, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, டீயும் கொடுத்துவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரியின் டிரைவரை முக்கால் மணி நேரம் தேடியிருக்கிறார்.

"ஏண்ணே, நான்தான் டிரைவர்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"அவர் கேக்கவே இல்லியேம்மா. டீயும் நல்லா இருந்துச்சு."

எதற்கு இந்தப் பகட்டு என்று ஒருநாள் வாயைக் கிளறினேன். சிரிக்காமல் பதில் சொன்னார். "ரோட்டுல எவன் வந்து மோதுனாலும் தப்பு லாரிக்காரன் மேலதான். அழுக்குச் சட்டைன்னா வாயத் தொறக்கவே விட மாட்டாங்க. வெள்ளச் சட்டைன்னா, 'சொல்லுங்க சார்'னு ஒரு நிமிஷம் நிப்பாங்க. அந்த ஒரு நிமிஷம் போதும்மா எனக்கு."

முந்தாநாள் அந்தச் சட்டையே அவருக்கு எமனாக வந்தது. ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்கு எங்கள் வண்டி ஒன்றும் டிரைவர் ஒருவரும் நிரந்தரமாக வேண்டுமாம். காலையில் லோடு, சாயங்காலம் வீடு. ஷெட்டே நாக்கைத் தொங்கப்போட்டது. ஆபீசருக்கோ அது வேலை மட்டுமில்லை. "பதினெட்டு வருஷமா வீட்டுக்கு விருந்தாளி மாதிரி போறேன்மா. போன தடவ போனப்ப எம் பொண்டாட்டி, 'இருந்து சாப்டுட்டுப் போறீங்களா'ன்னு கேக்குறா!" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொழிற்சாலை மேலாளர் ஆளைப் பார்க்க வந்தார். காரை விட்டு இறங்கியவர் நேரே ஆபீசரிடம் போய்க் கைகொடுத்து, "முதலாளி நீங்கதானே?" என்றார். காலர் கிழிந்த பனியனோடு பக்கத்தில் நின்ற எங்கள் முதலாளி தொண்டையைச் செருமினார். விஷயம் புரிந்ததும் மேலாளர் முகம் சுருங்கிப்போனது.

ஆபீசருக்குப் போட்டி கரடி. அவனும் டிரைவர்தான், உடம்பெல்லாம் முடி என்பதால் அந்தப் பெயர். அன்று காலையில் அந்தப் பாவி காது முதல் முழங்கை வரை கிரீஸை அள்ளிப் பூசிக்கொண்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தொழிற்சாலைக்குப் போகவேண்டிய வண்டிக்கு அடியில் தலையை மட்டும் நீட்டிவிட்டு, "எல்லாம் ஓகே சார்" என்றான்.

மேலாளர் அவன் கையைப் பார்த்துப் பூரித்துவிட்டார். "இப்படி இருக்கணும் டிரைவர்னா. இவரு சட்ட கசங்கும்னு குனியவே மாட்டாரு போல."

ஷெட் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. கிளம்பும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் எடுத்ததே இல்லை என்று ஆபீசர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். யார் பார்த்தார்கள்? ஆள் வருவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுவார். இப்போது பத்துப் பேர் முன்னால் குனிந்தாக வேண்டும். சட்டையா, சாயங்கால வீடா? ஆண்டவா, அந்தச் சட்டையைக் கழற்றியாவது எறியுங்களேன் என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

ஆபீசர் தன் கேபினில் ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். உதறினார். நைட்டி! ஊதாப் பூப் போட்ட, கழுத்து வரை பட்டனும் முழுக்கையும் வைத்த, அவர் மனைவியின் பழைய நைட்டி. ஷூ வரை மறைக்கிற நீளம். தலைவழியாக மாட்டி, ஒவ்வொரு பட்டனாகப் போட்டார்.

"ஆபீசரம்மா!" என்று எவனோ விசிலடித்தான். கரடி தரையில் உட்கார்ந்தே சிரித்தான். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்! ஆனால் இத்தனை வருடமாக விடியற்காலையில் இவர் ஒளித்துச் செய்தது இதைத்தான் என்று புரிந்ததும் விசிலடித்தவனை முறைத்தேன்.

அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கை விரித்து, கரடி பார்த்த அதே வண்டிக்கு அடியில் மல்லாந்து போனார். டொக், டொக் என்று தட்டும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அடியிலிருந்து குரல்.

"பின்னாடி இடது பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒண்ணு விரிசல் விட்டிருக்கு சார். சிமென்ட்டுக்குத் தாங்கும். கண்ணாடி ஏத்துனா பாதி வழியிலயே தூளாயிடும்."

கரடியின் சிரிப்பு நின்றது. மேலாளர் அவன் கிரீஸ் கையை இன்னொரு முறை பார்த்தார். இந்தத் தடவை பூரிக்கவில்லை.

ஆபீசர் வெளியே வந்து எழுந்தார். நைட்டியில் முழங்கை வரை கருமை.

"பட்டையை மாத்திட்டு திங்கக்கிழமை வண்டியக் கொண்டு வந்துடுங்க" என்றார் மேலாளர். "சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா அந்த விரிசல நானும் ஒரு தடவ பாத்துடறேன்." சொல்லிக்கொண்டே தன் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார். அவருடையதும் வெள்ளைச் சட்டைதான், இஸ்திரி கலையாதது.

"ஐயையோ, இருங்க சார்!" என்று பதறினார் ஆபீசர். மளமளவென்று பட்டன்களைக் கழற்றினார். நைட்டியைத் தலைவழியாக உருவி, ஒரு உதறு உதறி, மேலாளர் தலையை நுழைக்கத் தோதாக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.