நெடி வராத மிளகாய்

கோவில்பட்டியில் எங்கள் தெருவில், நாய்களுக்கு அடுத்தபடியாக மோப்பத்தில் பேர்போனவர் என் மாமியார்தான். இதை அவர் காதுபடச் சொல்லும் தைரியம் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இல்லை. பிறகு வந்தது, சொன்னேன், திட்டு வாங்கினேன். உள்ளூர அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏட்டி, ரசத்துக்குப் பெருங்காயம் போடலயா?" என்பார். போட்டிருக்க மாட்டேன். பால் பொங்கி வழிந்திருக்கும். நான் துடைத்து, அடுப்பை விளக்கி, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருப்பேன். வெளியே போய்விட்டு வருகிறவர் மூக்கை ஒரு சுருக்குச் சுருக்கி, "எம்புட்டுப் பால் போச்சு?" என்பார். அப்படிப்பட்ட மூக்கோடு ஒரே சமையலறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான்.

அந்த மூக்கு என்றைக்கு வேலையை விட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் நான் போனில் பேசிக்கொண்டே இருந்ததில் அவரைக்காய் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. அத்தை அதைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு தாயி" என்றார். என் கல்யாண வாழ்க்கையின் முதல் பாராட்டு. ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை. ஊசிப்போன குழம்புக்கும் அதே பாராட்டுக் கிடைத்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பேர்களை மறப்பது, சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டை எடுப்பது எல்லாம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. வயசுதானே என்று விட்டிருந்தோம்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் அத்தையின் கண்களை மூடச் சொல்லி, காபித்தூளை மூக்கருகே நீட்டி, "என்ன வாசனை வருதும்மா?" என்று கேட்டார்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். "கொண்டாந்தது நீங்கதான, உங்களுக்கே தெரியாதா?" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். மறதி நோய் வந்தவர்களில் பலருக்கு வாசனை தெரிவது ஆரம்பத்திலேயே போய்விடும், போனதும் அவர்களுக்குத் தெரியாது என்று எங்களிடம் தனியாகச் சொன்னார். திரும்பி வருகையில் ரயிலில் அத்தை என் பக்கம் சாய்ந்து, "பாவம்ட்டி, அந்த டாக்டருக்கு மூக்கடைப்பு போல. நம்மகிட்டப் போயி கேக்காரு" என்றார்.

ஆனி மாதம் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆண் பிள்ளை. அத்தைக்கு அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது, தன் பேத்தி பெற்ற பிள்ளை வீட்டில் இருப்பது மட்டும் தெரியும். காலையில் எழுந்ததும் தொட்டிலைப் பார்த்த பிறகுதான் காபி. பிள்ளை சாயங்காலமானால் வீறிட்டு அழுவான். வயிற்றில் காற்று என்று நாங்கள் சொன்னோம். கண்ணு பட்டிருக்கிறது என்று அத்தை முடிவு செய்தார்.

திருஷ்டி கழிப்பதில் எங்கள் பக்கத்துக் கணக்கு சுலபமானது. வற்றல் மிளகாயையும் கல் உப்பையும் கையில் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். நெடி ஏறி எல்லாரும் இருமினால் கண் போய்விட்டது என்று அர்த்தம். நெடியே வரவில்லை என்றால் பட்டிருப்பது பொல்லாத கண். மறுபடி கழிக்க வேண்டும்.

அத்தை பின்பக்கத்து வெந்நீர் அடுப்பில் மிளகாயைப் போட்டார். ஆடிக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகிற நேரம் அது. புகை அப்படியே கிழக்கே திரும்பி மதிலைத் தாண்டியது. அடுப்புக்கு மேற்கே நின்றிருந்த அத்தை மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"நெடியே இல்லயேட்டி" என்றார் கலவரத்தோடு.

அதற்குள் அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, இருமிக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன மதினி, எங்கள கொல்லப் பாக்கியளா?" என்றாள்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? அவிய வீட்டுல நெடி தூக்குது. அங்கன ஒரு கண்ணும் இல்ல. அம்புட்டும் நம்ம வீட்டுலதான் கிடக்கு."

அதன் பிறகு தினமும் மிளகாய்தான். என் வீட்டுக்காரருக்குப் பலசரக்குக் கடை என்பதால் மிளகாய்க்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டுக்காரியின் கண்ணைக் கழித்தார், பால்காரரின் கண்ணைக் கழித்தார், பெயர் வைக்க வந்த சம்பந்தி வீட்டாரின் கண்களை மொத்தமாகக் கழித்தார். நெடி வரவில்லை. அடுத்த வீட்டுக்காரி மட்டும் சாயங்காலமானால் ஜன்னலைச் சாத்தப் பழகிக்கொண்டாள். எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. மகளும் நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்போம்.

ஒருநாள் காலையில் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அத்தை சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். விளையாட்டு காட்டுகிறார் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. தொட்டில் பக்கமே போகவில்லை. என்னவென்று கேட்டேன்.

"எல்லார் கண்ணையும் கழிச்சாச்சு. கழிக்காதது இந்த ரெண்டு கண்ணுதான்" என்றார். "எங் கண்ணுதாம்ட்டி பிள்ளையப் போட்டு வாட்டுது. நான் குளத்தூருக்குப் போறேன்."

குளத்தூர் அவர் பிறந்த ஊர். அங்கே அண்ணன் செத்து, வீடு பூட்டிக் கிடக்கிறது. அத்தை மஞ்சள் பையில் இரண்டு சேலையை அடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிற ஆட்டோவை எல்லாம் கைகாட்டி நிறுத்தினார்.

என் வீட்டுக்காரர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "யம்மா, கண்ணுல ஒண்ணுமில்ல. ஒம் மூக்குதான் சரியில்ல. டாக்டரே சொல்லிட்டாருல்லா?"

"ஏலே, எம் மூக்கையா சொல்லுத? ஒங்கப்பா சட்டையில பீடி வாடைய தெருமுக்குலயே பிடிச்ச மூக்குலே இது!"

மறதிக்கும் ஓரவஞ்சனை உண்டு. காலையில் இட்லி சாப்பிட்டதை எடுத்துக்கொண்டது, புருஷன் இறந்ததைக்கூடச் சில நாள் எடுத்துக்கொண்டது. இந்த ஒரு நினைப்பை மட்டும் விட்டுவைத்தது. பிள்ளை அழும்போதெல்லாம் அத்தை சுவரைப் பார்த்தபடி, "பசிக்கோ என்னமோ, எடுங்களேன்" என்று கெஞ்சுவார், திரும்ப மாட்டார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. முப்பது வருஷமாக என்னைப் பாடாய்ப் படுத்திய மனுஷிதான். அதற்காகக் கொள்ளுப்பேரனைப் பார்க்க முடியாமல் அவர் தவிப்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

வழி சின்ன வெங்காயத்தில் கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று உரிக்கக் கொடுத்திருந்தேன். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீராய்க் கொட்டியது. வாசனை தெரியாத மூக்குக்கு எரிச்சல் மட்டும் தெரிகிறது! அப்படியானால் குறை மூக்கில் மட்டும் இல்லை, நெடியை மதிலுக்கு அப்பால் கொண்டுபோன காற்றிலும் இருந்திருக்கிறது.

மகள் அடுத்த வீட்டுக்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தடுப்பூசிக்குப் பிள்ளையோடு ஆட்டோவில் போன நாளாகப் பார்த்தேன். சமையலறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். வெந்நீர் அடுப்பிலிருந்து கங்குகளை இரும்புச் சட்டியில் அள்ளி வந்து வைத்து, அத்தையைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்தேன். விளாத்திகுளத்துச் சம்பா மிளகாய் வற்றல், கல் உப்போடு ஒரு கை நிறைய.

"எனக்கா சுத்துத?" என்றார்.

"உங்க கண்ண உங்ககிட்ட இருந்துதான எடுக்கணும்?"

அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும், தலையைக் குனிந்து காட்டினார். சுற்றினேன், துப்பச் சொன்னேன், சட்டியில் போட்டேன். உப்பு படபடவென்று வெடித்தது. அதன் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, கண்ணைத் திறக்க முடிந்தால்தானே. எனக்குக் குடலே வாய்க்கு வந்துவிடும் போல இருமல். மதியச் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டதென்று குடத்துத் தண்ணீரோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தும்மி, குடத்தைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். நடுவில் அத்தை. இருமுகிறார், தும்முகிறார், கண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது, அத்தனைக்கும் நடுவே கைதட்டிச் சிரிக்கிறார்.

"ஏட்டி, போயிட்டு! கழிஞ்சிட்டுட்டி!"

அவரை முகம் கழுவவைத்து, வீட்டைத் திறந்து விசிறி, நெடி அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் மகள் வந்தாள். அத்தை வாசலுக்கே போய் இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, பட்டினி கிடந்தவர் இலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கால்விரல், தொப்புள், காது மடல் எதையும் விடவில்லை. அவன் கொட்டாவி விட்டபோது இவரும் வாயைத் திறந்தார்.

பிறகு தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டார். "லட்சணமான பிள்ள. யாரு வீட்டுப் பிள்ளைட்டி இது?"

மகள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். மிளகாய்மேல் பழியைப் போடவும் வழியில்லை.

"நம்ம வீட்டுப் பிள்ளதான் அத்தை. உங்க பேத்தி மகன்."

"நம்ம வீட்டுப் பிள்ளயா?" அத்தைக்கு நம்ப முடியவில்லை. "அப்போ நாளைக்கும் இங்கனதான் இருப்பானா?"

"இருப்பான்."

"அப்போ நான் எங்கயும் போகல" என்றார்.