ஒன்பதா, பத்தா

என் மேசை இழுப்பறையில் மூன்று வெள்ளைப் பகடைகள் கிடக்கின்றன. திருப்பதியில் வாங்கியவை. பெங்களூருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் நானும் அக்காவும் இரும்புத் தண்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தோம். உடன்பிறந்தவள் அல்ல, பக்கத்து நாற்காலிக்காரி. தண்டை விரலில் ஒருமுறை உருட்டிவிட்டு, "இது முடியளவு தடிப்பா கீதுடி" என்பாள். அளந்து பார்த்தால் அப்படியே இருக்கும். புதுக் கம்பெனிகள் முளைத்த காலம் அது. பெங்களூரில் ஓர் இடம் வந்தது, எங்கள் இருவரில் ஒருவருக்கு. அக்காவின் புருஷன் அங்கே கட்டட வேலையில் இருந்தார். மாதம் ஒருமுறை முகம் பார்க்கும் பிழைப்பு. எனக்கோ, வீட்டில் முடிவு செய்திருந்த மாப்பிள்ளையிடமிருந்து தப்பிக்க வேண்டும். நீங்களே பேசி முடிவெடுங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் நழுவிவிட்டார்.

சாப்பாட்டு வேளையில் பகடை உருட்டுவது என்றானது. மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். ஒன்பது முதலில் வந்தால் ஒருத்தி, பத்து வந்தால் மற்றவள். இந்த யோசனை என்னுடையது. அக்கா ஏமாளி இல்லை. தரையில் சாக்பீஸால் எழுதி எண்ணினாள். "ஒம்போதுக்கு ஆறு வகை, பத்துக்கும் ஆறு வகை. எத எடுத்தா இன்னா?" என்றாள்.

எனக்குக் கல்லூரியில் படித்தது ஞாபகம் இருந்தது. மூன்று, மூன்று, மூன்று விழ ஒரே வழி. மூன்று, மூன்று, நான்கு என்றால் அந்த நான்கு எந்தப் பகடையிலும் விழலாம், மூன்று வழி. இப்படி எண்ணினால் ஒன்பதுக்கு இருபத்தைந்து வழி, பத்துக்கு இருபத்தேழு. நான் வாயைத் திறக்கவில்லை. "எனக்குப் பத்து" என்று மட்டும் சொன்னேன்.

ஏழு. பதிமூன்று. பதினொன்று. அக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு ஆறு, மூன்று, ஒன்று. பத்து. அவள் சாக்பீஸ் கணக்கைக் காலால் அழித்தாள்.

அந்த இரண்டு வழியை என் மனதுக்கு அளக்கத் தெரியவில்லை. ஒரு நாள் அது ஒன்றுமே இல்லை என்கிறது. மறுநாள் அவள் வாழ்க்கையையே நான் திருடிவிட்டேன் என்கிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில், முடியளவில் எங்கோ இருக்கிறது. அங்கே என்னால் நிற்க முடிந்ததே இல்லை.

போன மாதம் பகடைகளை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவள் ஒரு பகடையைப் பழையபடி விரலில் உருட்டிப் பார்த்தாள்.

"அம்பத்திரண்டு வழில ரெண்டா? அட போடி! இதுக்கா இத்தினி நாளா பொலம்பிக்கினு கெடந்த?"

பிறகு மூன்றையும் உள்ளங்கையில் குலுக்கினாள்.

"சரி, சும்மா ஒரு ஆட்டம். ஒம்போதா, பத்தா? சொல்லு."

அவள் கேட்டு முடிப்பதற்குள் என் வாய், "பத்து" என்றது.